ஏர் ரைஃபிளின் பிளாஸ்டிக் ஸ்டாக்கை 28 மி.மீ. நீட்டிய வேலை: முழுக் குறிப்பு

பாலக்காடு மாவட்டத்துத் தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து வந்த ஏர் ரைஃபிள் இது. 4.5 மி.மீ. குழல், மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை, கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை). சொந்தக்காரர் கல்லூரியில் படிக்கும் பையன். ஆறடி இரண்டங்குல உயரம், அதற்கேற்ற நீளக் கை, நீளக் கழுத்து. கோவையில் ஒரு கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் சுடப் பழகுகிறான். வீட்டில் பழக இந்த ரைஃபிள்.

"அண்ணா, ட்ரிகர்ல கை வெச்சா பெருவிரல் மூக்குல இடிக்குதுங்க" என்றான். கூட வந்த அப்பா, "ஏனுங், இதுக்குச் செலவு பண்றதுக்குப் பேசாம புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் புதிதாக எது வாங்கினாலும் ஸ்டாக் நீளம் ஏறக்குறைய இதேதான் இருக்கும். சராசரி உயரத்துக்கு ஒரே அச்சில் வார்த்து எடுப்பவை அவை. அளவை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள போட்டி ரைஃபிள் வேண்டுமென்றால் விலை எங்கேயோ போய்விடும். ரைஃபிளின் இயந்திரப் பகுதியில் ஒரு குறையும் இல்லை. ஸ்டாக் மட்டும்தான் இவனுக்கு ஆகவில்லை. சரி, செய்யலாம் என்று வாங்கி வைத்தேன்.

என்னைப் போல் பைபர் (கண்ணாடி இழை) வேலை செய்பவர்களுக்கும், சொந்த ரைஃபிளை வைத்துக்கொண்டு இதே தொல்லையில் இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று முழு வேலையையும் எழுதுகிறேன். பிளாஸ்டிக் ஸ்டாக்கை நீட்டும்போது எல்லோரும் பசையிலும் பெயிண்டிலும்தான் கவனம் வைக்கிறார்கள். அளவும் உள்பிடிமானமும் சரியாக இல்லாவிட்டால் அந்த இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. இந்த ரைஃபிளே அதற்குச் சாட்சியாக வந்து நின்றது.

முதலில் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி .177, அதாவது 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. ஸ்டாக்கை நீட்டுவதால் இந்த இரண்டு அளவும் மாறுவதில்லை. உரிமம் தேவைப்படும் துப்பாக்கி வேறு விஷயம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அப்படிப்பட்ட ஆயுதத்தைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் கேட்கிறது. கேரளத்தில் 2022 மே மாதம் முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கிடைத்தது. அதன்பிறகு உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சிலர், "கட்டையை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க" என்று வருகிறார்கள். உரிமம் பெற்ற கடைக்குத்தான் போகச் சொல்கிறேன். நிலக்கடலைக் காட்டில் மயில் இறங்குகிறது, ஏர் கன் ஒன்று தயார் செய்து கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்த ரைஃபிள் காகித டார்கெட்டுக்கு மட்டும் என்று பையனிடமும் அப்பாவிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வேலையை எடுத்தேன். எல்லை தாண்டி கிளப்புக்குக் கொண்டு போகும்போது வாங்கிய பில்லின் நகல் உறைக்குள்ளேயே இருக்கட்டும் என்பது இன்னொரு யோசனை. செக்போஸ்ட்டில் பேச்சு சீக்கிரம் முடியும்.

வந்த நிலை

ஏற்கெனவே வேறொரு இடத்தில் இதற்கு ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள். பின்னால் உள்ள ரப்பர் பேடைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு மரத்துண்டை உடனடிப் பசையால் ஒட்டி, தடித்த ஸ்க்ரூ இரண்டை இறுக்கியிருந்தார்கள். சில வாரங்களில் மரத்துண்டு கழன்றுவிட்டது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். வார்ப்பு ஸ்டாக்கின் பின்பகுதி வெறும் கூடு. அதில் குறுக்கே சில விலா எலும்புத் தடுப்புகளும், ஸ்க்ரூ இறங்குவதற்கு இரண்டு குழாய் போன்ற தூண்களும் இருக்கும். அந்தத் தூண் இரண்டும் நெடுக வெடித்திருந்தன. துளை ஒரு அளவு, ஸ்க்ரூ அதைவிடப் பெரிய அளவு. வெடிக்காமல் என்ன செய்யும்?

பசை ஏன் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் உதைப்பு இரண்டு திசையில் வரும். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் தள்ளும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் ரைஃபிள் முன்னால் இழுக்கும். ஒரே சூட்டில் தள்ளலும் இழுவையும். உடனடிப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைப்பு. அழுத்தத்தைத் தாங்கும், திடீர் அதிர்ச்சியைத் தாங்காது. பிளாஸ்டிக்கின் மேல் அதன் ஒட்டுதலும் அரைகுறைதான். இரண்டும் சேர்ந்தால் எத்தனை முறை ஒட்டினாலும் இதே கதைதான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஸ்டாக் முழுதும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. கம்பெனியிலிருந்து வரும்போது மெத்தென்று ரப்பர் தொட்ட மாதிரி இருப்பதற்காக மேலே ஒரு பாலியூரிதேன் பூச்சு போடுகிறார்கள். ஈரமும் சூடும் அந்தப் பூச்சை வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பழைய கேமரா, டார்ச் லைட், காரின் உள்பக்க பட்டன்கள் ஒட்டுவதும் இதனால்தான். நம் பக்கத்தில் ஆறு மாதம் வெயில், நான்கு மாதம் மழை. அந்தப் பூச்சுக்கு இதைவிடக் கெட்ட ஊர் கிடையாது.

அளவு

நீளம் என்பது ட்ரிகரின் நடுவிலிருந்து பின் பேடின் நடு வரைக்கும். இதில் 352 மி.மீ. இருந்தது, 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பெரியவர்களுக்கான ரைஃபிள்கள் பெரும்பாலும் 13½ முதல் 14½ அங்குலத்துக்குள்தான் வரும்.

முழங்கையை மடக்கி, உள்பக்கத்தில் பேடை வைத்து, விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறை எல்லோருக்கும் தெரியும். அதை நான் நம்புவதில்லை. அது முன்கை நீளத்தை மட்டும்தான் சொல்லும். கழுத்து நீளம், தோள் அகலம், நெஞ்சின் தடிமன், நிற்கும் விதம் எதையும் சொல்லாது. இவனுக்கு அந்த முறையில் பார்த்தால் ஸ்டாக் கொஞ்சம்தான் குறைவாகத் தெரிந்தது. தோளில் வைத்து நிற்கச் சொன்னதும் உண்மை வெளியே வந்துவிட்டது. மூக்கும் பெருவிரலும் உரசுகின்றன. கண் ஸ்கோப்புக்கு மிக அருகில் போகிறது. அதைத் தவிர்க்க கழுத்தைப் பின்னுக்கு இழுக்கிறான், உடனே கன்னம் ஸ்டாக்கை விட்டு எழுந்துவிடுகிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் கன்னம் ஒவ்வோர் இடத்தில்.

கன்னம் நகர்ந்தால் என்ன ஆகும்? சாதாரண ஸ்கோப்பில் பேரலாக்ஸ், அதாவது கண் விலகினாலும் குறுக்குக் கோடு நகராத தூரம், 100 கஜத்துக்குக் கட்டப்பட்டிருக்கும். 10 மீட்டரில் கண் கொஞ்சம் விலகினாலும் குறுக்குக் கோடு டார்கெட்டின் மேல் நகரும். போட்டி டார்கெட்டில் பத்தாம் வட்டம் அரை மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. அங்கே இந்த நகர்வு பெரிய விஷயம். பையன் தன் கை நடுங்குகிறது என்று நினைத்து மாதக்கணக்கில் மனம் சோர்ந்திருந்தான். கை நன்றாகத்தான் இருந்தது. அதை அவனுக்குச் சொல்ல முடிந்தது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

அளவு எடுத்தது இப்படி. ரைஃபிள் காலி என்று குழலை மடக்கிப் பார்த்து உறுதி செய்தோம். மெல்லிய ஹைலம் ஷீட்டில் (பிசின் ஏற்றி அழுத்திய கெட்டித் தகடு) பேடின் வடிவத்தில் தகடுகள் வெட்டி வைத்தேன். பேடுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் தகடுகளை அடுக்கி, டேப் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றச் சொன்னேன். வசதியாக நின்றபிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கண்ணைத் திறந்தபடி ஏற்றினால் மனிதன் தன்னை அறியாமல் ரைஃபிளுக்குத் தகுந்த மாதிரி உடம்பை வளைத்துக்கொள்வான். தகடு கூடக் கூட மூக்குக்கும் பெருவிரலுக்கும் இடைவெளி வந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் ட்ரிகர் விரல் நுனியால் எட்டிப் பிடிக்க வேண்டியதாகி, முன்கை நீண்டு, ரைஃபிளின் மூக்குப் பக்கம் கனத்தது. அதற்கு ஒரு படி கீழே நிறுத்தினோம். கூடுதல் 28 மி.மீ., மொத்தம் 380, கிட்டத்தட்ட 15 அங்குலம்.

இது டி-ஷர்ட்டில் எடுத்த அளவு. நாளைக்குக் கிளப்பில் கேன்வாஸ் ஜாக்கெட் போட்டால் தோளில் அதன் தடிமன் சேரும். அதனால் 28-ஐ ஒரே கட்டையாக வைக்காமல், 22 மி.மீ. பிளாக், 6 மி.மீ. தகடு என்று பிரித்தேன். ஜாக்கெட் வந்தால் தகட்டை எடுத்துவிடலாம்.

நீளத்தை மாற்றினால் அதோடு இரண்டு அளவுகள் நகரும். பலர் மறப்பது இதைத்தான். முதலாவது ஸ்கோப். பின்னால் 28 மி.மீ. சேர்த்தால் ஸ்கோப் கண்ணைவிட்டு அந்த அளவு விலகும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்க வேண்டிய தூரம் பெரும்பாலான ஸ்கோப்புகளில் 75 முதல் 90 மி.மீ.க்குள். பிடிமானத் தண்டவாளத்தில் பின்னுக்கு நகர்த்த இடம் இருக்கிறதா என்று பிளாக் செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். இவன் ஏற்கெனவே ஸ்கோப்பை முன்னால் ஒட்டத் தள்ளி வைத்திருந்ததால் தாராளமாக இடம் இருந்தது. இரண்டாவது கன்னம் வைக்கும் மேடு. ஸ்டாக்கின் மேல்கோடு பின்னால் போகப் போகச் சரிகிறது. கன்னம் பின்னால் போனால் கண் கீழே இறங்கும். இந்த ஸ்டாக்கில் அந்தச் சரிவால் 3 மி.மீ. அளவுக்கு இறங்கியது, நீளக் கழுத்துக்காரனுக்கு முன்பே உயரம் போதவில்லை. எனவே மேலே மெல்லிய ஈ.வி.ஏ. நுரை ஷீட் ஒன்றும் கணக்கில் சேர்ந்தது.

பேடின் சாய்வையும் குறித்துக்கொண்டேன். ரைஃபிளின் பின்பக்கம் முழுதாகத் தரையில் படும்படி சுவரை ஒட்டி நிறுத்தினால், உடல் பகுதி சுவரைத் தொடும், குழல் நுனி சுவரைவிட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த விலகலை அளந்து சுவரில் பென்சிலால் எழுதிவிட்டேன். வேலை முடிந்ததும் அதே அளவு வர வேண்டும். சாய்வு மாறினால் பேடின் அடிநுனி அக்குளில் குத்தும், அல்லது தோளைவிட்டு வழுக்கும்.

என்ன பிளாஸ்டிக்

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் எந்தப் பசையையும் பெயிண்ட்டையும் தொடக்கூடாது. கூட்டின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், 3 மி.மீ. ட்ரில்லால் லேசாகக் குடைந்து சீவலை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். சில்வர் டம்ளர் வேண்டாம், கண்ணாடி டம்ளர்தான் நல்லது. விரலால் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி போன பிறகு பார்க்க வேண்டும். சீவல் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9, அது வெறுமனே இருந்தால் மிதக்கும். ஏ.பி.எஸ். 1.05, நைலான் 1.14, முப்பது சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான் 1.36. மூழ்கியதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, கண்ணாடி இழை கலந்தால் பாலிபுரொப்பிலீனும் மூழ்கும். அதனால் இன்னொரு சீவலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். மெழுகுவர்த்தி அணைத்த வாசனை வந்தால் பாலிபுரொப்பிலீன். கரும்புகையோடு சுருள் சுருளாகக் கரி பறந்தால் ஏ.பி.எஸ். இதில் முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. எரிந்து முடிந்த இடத்தில் வெள்ளையாக மெல்லிய நார் மிச்சம் நின்றது. கண்ணாடி இழை சேர்த்த நைலான்.

நல்ல செய்தி. நைலான் வலுவானது, பெயிண்ட் ஓரளவு பிடிக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். சாதாரண நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை குடிக்கும், அதற்கேற்ப உப்பும். கண்ணாடி இழை இருந்தால் குறைவு, இருந்தாலும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு அளவு, பங்குனி வெயிலில் ஒரு அளவு. இந்தப் பொருளோடு வேறொரு பொருளை ஒட்டி, மூட்டின் மேல் பட்டி பார்த்து, தேய்த்து, ஒரே துண்டு போலப் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். முதல் வருடத்திலேயே மூட்டு இருந்த இடத்தில் மயிரிழைக் கோடு தெரியும். அடுத்து பட்டி உதிரும்.

அதனால் மூட்டை மறைக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிளாக் தனி, ஸ்டாக் தனி, நடுவில் நேரான சுத்தமான ஒரு கோடு, போல்ட்டால் இறுக்கம். பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "கோடு தெரிஞ்சா பார்க்க நல்லா இருக்குமாங்கண்ணா?" என்றான். விலை உயர்ந்த போட்டி ரைஃபிள்களின் படங்களைக் காட்டினேன். பின்பக்கம் முழுக்கத் தகடும் திருகும்தான், எதையும் மறைப்பதில்லை. அப்புறம் அவன் கேட்கவில்லை.

உள்பிடிமானம்

இந்த வேலையின் உயிர் இதுதான், எனவே விரிவாகச் சொல்கிறேன்.

வெடித்த தூண்களை வெட்டி எடுத்தேன். மீதியிருந்த உள்தடுப்புகள் ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. ஓட்டைகள் போட்டேன். தடுப்பை வலுவிழக்கச் செய்வது போலத் தோன்றும். ஆனால் எபாக்சி ஊற்றும்போது அது இந்த ஓட்டைகள் வழியாக ஓடி, தடுப்பின் இரண்டு பக்கமும் நிரம்பி இறுகிவிடும். அப்புறம் எபாக்சி நைலானோடு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், தடுப்பை உடைக்காமல் அந்தக் கட்டி வெளியே வராது. ஒட்டுதலை நம்பாத பிடிமானம் இது. உள்சுவரையும் 80 நம்பர் எமரியால் நன்றாகக் கீறிவிட்டு, ஸ்பிரிட் துணியால் துடைத்தேன்.

நம் பக்கம் பைபர் பட்டறைகளில் கையில் இருப்பது பாலியெஸ்டர் ரெசின்தான். தண்ணீர்த் தொட்டி, கூரை ஷீட் எல்லாம் அதில்தான் செய்கிறோம். இதற்கு அது ஆகாது. இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும், கூட்டின் சுவரைவிட்டு விலகிவிடும். நைலானில் பிடிக்கவும் பிடிக்காது. எபாக்சி விலை அதிகம், ஆனால் சுருக்கம் மிகக் குறைவு. மெதுவாக இறுகும் ஹார்ட்னர்தான் வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இங்கே உதவாது.

கைப்பிடி வரைக்கும் எபாக்சி ஓடிவிடாமல் உள்ளே 60 மி.மீ. ஆழத்தில் ஈ.வி.ஏ. துண்டை வெட்டி இறுக்கமாகத் திணித்தேன். பிறகு ஒரு ஹைலம் தகட்டில் புதுப் பேடின் துளை இடைவெளிக்கு இரண்டு ஓட்டை போட்டு, அதில் எம்6 (6 மி.மீ.) போல்ட் இரண்டைச் செருகி, நுனியில் நீளமான கப்ளிங் நட்களை மாட்டினேன். தகட்டுக்கும் போல்ட் மரைக்கும் மெழுகு தடவ வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாக இறுகிக்கொள்ளும். இந்தத் தகடு ஸ்டாக்கின் முகத்தில் படுத்துக்கொள்ள, நட்கள் கூட்டுக்குள் சரியான இடத்தில் தொங்கும். நட்டின் வெளிப்பக்கம் அறுகோணம் என்பதால் எபாக்சி இறுகிய பிறகு சுற்றாது. ஸ்டாக்கை மணல் நிரப்பிய பக்கெட்டில் முன்பக்கம் கீழாக நட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

எபாக்சியில் பொடியாக வெட்டிய கண்ணாடி நாரும் பிரெஞ்ச் சாக் பவுடரும் சேர்த்துக் கூழ் பதத்தில் கலந்தேன். ஒரே தடவையில் ஊற்றக்கூடாது. எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். மொத்தமாக ஓர் இடத்தில் இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் புகையும் அளவுக்குப் போகும். கூடு உருக்குலையலாம். பாலக்காட்டுக் கணவாய் வாயில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் எபாக்சி கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் விடியற்காலையில் கலந்து, ஒரு விரற்கடை உயரம் ஊற்றி, அது சூடு தணிந்து பிசுக்காக இருக்கும்போது அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கில்தான் நட் தொங்கும் தகட்டை வைத்து, ஓரத்தில் விட்ட வாய் வழியாக நிரப்பினேன். முழுதாக இறுக விட்டு, போல்ட்டைக் கழற்றி, தகட்டைத் தட்டியதும் கையோடு வந்தது. நட் இரண்டும் முகத்தோடு சமமாக உட்கார்ந்திருந்தன. முன்பு தட்டினால் வெறும் டப்பா சத்தம் வந்த ஸ்டாக் இப்போது கனத்த சத்தம் தந்தது.

பிளாக்கும் பேடும்

பிளாக்குக்கு அலுமினியம் வைக்கலாம் என்று பையன் சொன்னான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அளவுக்கு 300 கிராம் அளவில் வந்துவிடும். எல்லா எடையும் பின்கோடியில் சேர்ந்தால் ரைஃபிளின் சமநிலை பின்னுக்கு ஓடும், நின்று சுடும்போது குழல் நுனி அலையும். ஹைலம் கட்டையும் கனம்தான். நான் எடுத்தது 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ளது. பெரும்பாவூரில் இருந்து வரும் சரக்கு இங்கே எந்த மரக்கடையிலும் துண்டாகக் கிடைக்கும். இரண்டு துண்டை எபாக்சியால் ஒட்டி 22 மி.மீ.க்கு இழைத்தேன். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் முறுக்காது, எடை அலுமினியத்தில் கால் பங்கு. நான்கு மூலையிலும் வெர்னியர் வைத்து இரண்டு முகமும் இணையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. ஒரு மூலை அரை மி.மீ. தூக்கினாலும் பேடின் சாய்வு மாறிவிடும்.

ஸ்டாக் பின்னால் போகப் போக அகலமாகும். எனவே பிளாக்கை ஸ்டாக்கின் முகத்துக்குச் சமமாக நேராக வெட்டினால் முடிவில் குட்டையாகத் தெரியும். இரும்பு ஸ்கேலை ஸ்டாக்கின் மேல்கோட்டிலும் அடிக்கோட்டிலும் வைத்து, அதே கோட்டில் பின்னுக்கு நீட்டிக் குறித்தேன். 28 மி.மீ. தள்ளிப் போகும்போது உயரம் கூடிவிட்டது. பழைய பேட் போதாது. பெரிய பேடாக வாங்கி, பிளாக்கோடு சேர்த்துப் போல்ட் போட்டு, இரண்டையும் ஒன்றாகவே பெல்ட் சாண்டரில் கொடுத்து வடிவுக்குக் கொண்டுவந்தேன். ரப்பர் சூடானால் வழியும், பிய்யும். ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து எடுத்தால் விறைத்துப்போய்ச் சுத்தமாகத் தேயும்.

வடிவம் வந்த பிறகு பிளாக்குக்கு மெல்லிய கண்ணாடித் துணி ஒரு சுற்று, எபாக்சி பூச்சு. போல்ட் துளைகளின் உள்பக்கமும் எபாக்சி குடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். ஸ்டாக்கின் ஓரத்திலும் பிளாக்கின் ஓரத்திலும் அரை மி.மீ. சரிவு அரைத்தேன். மூட்டுக் கோடு நேராக, வேண்டுமென்றே போட்டது போலத் தெரிவதற்கு அது போதும்.

பெயிண்ட்

பிசுபிசு பூச்சை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியாலும் பழைய பிரஷாலும் எடுத்தேன். கறுப்பு அழுக்காக உருண்டு உருண்டு வரும். தின்னரால் வேகமாகப் போகும் என்பார்கள். ஏ.பி.எஸ். ஆக இருந்தால் தின்னர் ஸ்டாக்கையே கரைத்துவிடும். சோதித்துப் பார்க்காதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு 220, 320 வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டுத்தான். கண்ணாடி இழைத் தூசி தோலில் பட்டால் அரிப்பு, நெஞ்சுக்குள் போனால் அதைவிட மோசம். நைலான் தேய்க்கத் தேய்க்க மேலே பஞ்சு மாதிரி சிலும்பு எழும். ஹாட் ஏர் கன்னை நிறுத்தாமல் வேகமாக ஒரு முறை வீசிவிட்டால் அது படிந்துவிடும்.

பெயிண்ட் அடித்தது பாலக்காட்டுச் சித்தூரில் கார் பம்பர் வேலை பார்க்கும் பெயிண்டர். மலையாளி, எனக்கு ஏட்டன் (அண்ணன்). பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை, பெயிண்ட் பிடிக்காத பொருளில் பிடிக்க வைப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. இந்த மாதிரிக் காரியத்துக்கு நம் எல்லைப் பக்கத்தில் பம்பர் பெயிண்டரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். சீவலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்த விவரத்தைச் சொன்னேன். அவரும் ஒரு சோதனை செய்தார். கழுவிய ஸ்டாக்கின் மேல் தண்ணீர் தெளித்தார். முத்து முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவியது. "பிடிக்கும், பிளாஸ்டிக் பிரைமர் மதி (போதும்)" என்று சொல்லிவிட்டார்.

பிரைமர் மெல்லிதாக இரண்டு கோட், 600 பேப்பரில் தேய்ப்பு, அதன் மேல் 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பாலியூரிதேன் மேட் கறுப்பு. ஏட்டன் முழுக்க பம்பர் டெக்ஸ்சர் அடிக்கலாம் என்றார். கீறல் தெரியாது, கை வழுக்காது என்பது அவர் வாதம். கைப்பிடிக்கும் முன்பகுதிக்கும் ஒப்புக்கொண்டேன். கன்னம் படும் இடத்தில் கூடவே கூடாது என்று நின்றேன். டெக்ஸ்சர் என்பது மெல்லிய எமரி. ஒரு மணி நேரம் கன்னத்தை வைத்துப் பழகினால் தோல் சிவந்துவிடும், பையன் அறியாமலே கன்னத்தை லேசாகத் தூக்கிப் பிடிக்கத் தொடங்குவான். இவ்வளவு பாடுபட்டு அளவு எடுத்தது கன்னம் ஒரே இடத்தில் உட்காரத்தானே? மேடு வழவழப்பாகவே இருக்கட்டும் என்று முடித்தோம்.

ஸ்டாக்கும் பிளாக்கும் தனித்தனியாகத் தொங்கவிட்டு அடிக்கப்பட்டன. கணவாய்க் காற்று எழும்பினால் புழுதி வந்து ஒட்டிக்கொள்ளும், எனவே தரையில் தண்ணீர் தெளித்து, காற்று எழுமுன் காலையிலேயே. 2கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு முறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறிதளவு சுவாசித்தாலும் மூச்சு இறுக்கும், ஆயுளுக்கும் போகாது. பெயிண்டர்கள் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. துணி அதைத் தடுக்காது. காற்றோட்டமான இடமும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம் வேண்டும்.

மாட்டிய பிறகு

பெயிண்ட் நன்றாக இறுகும் வரை பொறுத்து, பிளாக், தகடு, பேட் மூன்றையும் சேர்த்து எம்6 ஆலன் போல்ட்டால் இறுக்கினேன். மரையில் கழற்றக்கூடிய வகை லாக் திரவம் ஒரு சொட்டு. போல்ட் தலை பேடின் பிளவுக்குள் மறைந்துவிடும். இயந்திரப் பகுதியை ஸ்டாக்கில் பூட்டும் முன்பக்கத் திருகு இரண்டும், ட்ரிகர் கார்டு திருகும் சீராக இறுக வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளில் இவை அடிக்கடி தளரும், தளர்ந்தால் குண்டு சிதறும். ஸ்டாக் இல்லாமல் வெறும் இயந்திரத்தை ஏற்றிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். விரல் போய்விடும்.

சுவரில் எழுதி வைத்த அதே விலகலில் குழல் நுனி வந்து நின்றது. ஸ்கோப்பைப் பின்னுக்குக் கொண்டுவந்து, நகராமல் இருக்க ஸ்டாப் பின் பூட்டினோம். கன்ன மேட்டுக்கு ஈ.வி.ஏ. ஷீட்டை இப்போதைக்கு இரட்டைப் பக்க டேப்பில் வைத்தேன். உயரம் பழகிப் பார்த்துத்தான் நிலைக்கும்.

தோட்டத்து வீட்டுக் களத்தில் 10 மீட்டர் அளந்து, பின்னால் மண்மேடு வைத்து, பையன் நின்றான். கண்ணை மூடி ஏற்றி, திறந்ததும் ஸ்கோப் வட்டம் முழுதாகத் தெரிந்தது என்றான். கழுத்து நேராக இருந்தது. முதலில் குண்டுகள் பழைய இடத்தைவிட்டு விலகி விழுந்தன. தலை வைக்கும் இடமே மாறியிருப்பதால் அது எதிர்பார்த்ததுதான், ஸ்கோப்பைத் திருகிச் சரி செய்தோம். அதன்பிறகு மேலும் கீழுமாகச் சிதறும் பழைய குணம் போய்விட்டது. பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் அலைகிறது. அது ட்ரிகர் இழுக்கும் பழக்கம், அவனுடைய கோச் பார்த்துக்கொள்வார். அப்பா காகிதத்தை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

கொடுக்கும்போது சொல்லி அனுப்பியவை இவ்வளவுதான். மூடிய காருக்குள் வெயிலில் வைக்கக்கூடாது. முதல் சில பெல்லட் டப்பா தீரும் வரை அவ்வப்போதும், பிறகு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பின் போல்ட் இரண்டையும் ஆலன் கீ வைத்துப் பார்க்க வேண்டும். நைலான் ஈரம் குடித்து உப்பி, வெயிலில் சுருங்கும்போது இறுக்கம் கொஞ்சம் குறையும். ஜாக்கெட் வாங்கியதும் 6 மி.மீ. தகட்டை எடுத்துவிட்டு, கூடவே கொடுத்திருக்கும் குட்டை போல்ட்டைப் போட வேண்டும். நீள போல்ட்டையே போட்டால் நட்டின் அடியில் முட்டி, இறுகியது போலத் தெரியும், பிளாக் ஆடும். ஸ்கோப்பின் தூரம் கண்ணுக்குச் சரியாக இருக்கிறதா என்றும் அன்றைக்கே ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.